பென் டிரைவுக்குள் இன்னொரு பென் டிரைவ்

பென் டிரைவைச் செருகித் திறக்கிறீர்கள். உள்ளே உங்கள் ஃபைல்கள் எதுவும் இல்லை. 'யூஎஸ்பி டிரைவ்' என்ற பெயரில், டிரைவ் படம் போட்ட ஒற்றை ஐகான் மட்டும் இருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் ஃபைல்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிடுகின்றன. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு கிளிக் கூடுதல், அவ்வளவுதானே என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு கிளிக்கில்தான் எல்லாம் நடக்கிறது.

இந்த வகை வைரஸை என் சித்தப்பாவின் கணினியிலிருந்து வெளியேற்றியதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வட சென்னையில் வீட்டோடு டிடிபி வேலை செய்பவர்கள், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள், பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பவர்கள் என்று நிறையப் பேர் இதில் மாட்டிக்கொண்டு, காசு கொடுத்து ஃபார்மேட் (எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது) அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

சித்தப்பா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில். முன்னறையில் ஒரு மேசை, ஒரு டெஸ்க்டாப், ஒரு லேசர் பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், ஆடி மாதம் கூழ் வார்க்கும் விழா நோட்டீஸ், பள்ளிக் கேள்வித்தாள் எல்லாம் அங்கே வடிவமைக்கப்படும். ராத்திரி பத்து மணிக்குமேல் கதவு தட்டப்பட்டால் அது பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டராக இருக்கும். விடிவதற்குள் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். சாவு வீட்டுக்காரர்களிடம் "சிஸ்டம் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று சொல்ல முடியாது. அவர் இன்னும் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் வேலை செய்கிறார். 2001-இல் வந்த கடைசிப் பதிப்பு அது. ஆனால் அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளும், இத்தனை வருடத்து வார்ப்புகளும் (டெம்ப்ளேட்டுகள்) அதில்தான் இருக்கின்றன. ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்பது இதைப் புரிந்துகொண்டால்தான் தெரியும்.

எனக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தண்டையார்பேட்டையிலிருந்து சித்தப்பா வீட்டுக்கு மெட்ரோவில் ஏறினால் சட்டென்று போய்விடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பேன்.

"மெஷினு ஒரே மூச்சு வாங்குதும்மா. ஃபார்மேட் அடிச்சும் திரும்பத் திரும்ப வந்துகினே கீது" என்றார் சித்தப்பா. ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. கணினியில் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சட்டென்று ஃபேன் அடங்கியது. உள்ளே பார்த்தால் எல்லாமே அமைதி, பிராசஸர் பத்து சதவீதத்துக்கும் கீழே. டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரைச்சல். திறந்தால் அமைதி.

இப்படி நடந்தால் பெரும்பாலும் அது கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர், அதாவது கணினியை ஓயாமல் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் நிரல். பிட்காயினைச் சாதாரணக் கணினியில் தோண்டி லாபம் இல்லை. மொனேரோ என்ற நாணயம் வேறு ரகம். 2019 நவம்பரிலிருந்து அது பயன்படுத்தும் கணக்கு முறை, சாதாரண பிராசஸரிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் ஊர் உலகத்தில் இருக்கும் வீட்டுக் கணினிகளில் எல்லாம் எக்ஸ்எம்ரிக் என்ற மைனரைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜர் திறந்திருந்தால் வேலையை நிறுத்திக்கொள், மூடியதும் ஆரம்பி என்று அதற்குச் சொல்லியும் வைத்துவிடுகிறார்கள். மின்சாரக் கட்டணம் சித்தப்பாவுடையது, காசு வேறு எவனுடையதோ.

மைனரைக் கண்டுபிடித்து அழிப்பது கஷ்டமே இல்லை. அழித்தால் மறுபடி வரும், அதுதான் பிரச்சினை. பிடிவாதமான வைரஸ் எதுவாக இருந்தாலும், "இது எங்கே இருக்கிறது" என்பதைவிட "இதைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது யார்" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கொசு அடிப்பது ஒரு வேலை, மொட்டைமாடி டிரம்மில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுவது இன்னொரு வேலை. இங்கே இரண்டாவது வேலையை யாருமே செய்திருக்கவில்லை.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஸ்கேன் போட்டுப் பார்த்தேன். ஆபத்து எதுவும் இல்லை என்றது. அதன் அமைப்புகளுக்குள் போனால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த இடங்களை எல்லாம் சோதிக்காதே என்று நாம் சொல்லி வைக்கும் பட்டியல். சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் விண்டோஸ் தன் முக்கிய ஃபைல்களை வைத்திருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டர் முழுசாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வைரஸ் தன் வீட்டைத் தானே சோதனையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் எத்தனை தடவை ஸ்கேன் போட்டு என்ன பயன்? உங்கள் கணினியில் சந்தேகம் இருந்தால் முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஒரு வரி அங்கே இருந்தால், வந்திருப்பது சில்லறை ஆசாமி இல்லை.

அடுத்து ஆட்டோரன்ஸ். கணினி ஆன் ஆகும்போது தானாக எழுந்துகொள்ளும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும் இலவசக் கருவி. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் மார்க் ருசினோவிச்சும் அவர் கூட்டாளியும் 1996-இல் தொடங்கிய கருவித் தொகுப்பைச் சேர்ந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, இப்போதும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது. அதைத் திறந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. நிரலை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பதை ஆன் செய்வது, மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைப்பது. நூற்றுக்கணக்கில் இருந்த வரிகள் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டன. பிரிண்டர் டிரைவர், கீபோர்டு மென்பொருள் எல்லாம் தெரிந்த முகங்கள். பின்னணியில் தானாக ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீஸ் பகுதியில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. எக்ஸ் என்ற எழுத்து, அதற்குப் பின்னால் ஆறு இலக்கங்கள். வெளியிட்டவர் பெயர் காலி. விளக்கம் காலி. அது சுட்டிய ஃபைல் சிஸ்டம்32-க்குள், 'டாட்' என்று முடியும் பெயரோடு இருந்தது. நியாயமான சர்வீஸ் எதுவும் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளாது. மைனரைத் திரும்பத் திரும்பக் கூட்டி வந்தது இதுதான்.

இது உள்ளே எப்படி வந்தது என்பதற்கான தடயம் சி டிரைவிலேயே கிடைத்தது. மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், விண்டோஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாது. உற்றுப் பார்த்தால்தான் புரியும்: இரண்டாவதன் பெயரில் கடைசி எழுத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் மொத்தத் தந்திரமும். விண்டோஸ், தன் சொந்த சிஸ்டம்32-இல் இருக்கும் சில நம்பகமான நிரல்களை "அனுமதி தரவா?" என்று கேட்காமலேயே அட்மின் அதிகாரத்தோடு ஓட விடும். இவர்கள் இடைவெளி வைத்த போலி விண்டோஸ் ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே ஒரு போலி சிஸ்டம்32, அதற்குள் மைக்ரோசாஃப்டின் உண்மையான பிரிண்டர் நிரல் ஒன்றின் நகல், பக்கத்திலேயே தங்களுடைய திருட்டு டிஎல்எல் (நிரல்கள் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் ஃபைல்) என்று வைத்துவிடுகிறார்கள். சரிபார்க்கும் இடத்தில் இடைவெளி உதிர்ந்துபோய், இது நம்ம ஆள்தான் என்று விண்டோஸ் நம்பிவிடுகிறது. உண்மையான நிரல் எழுந்து, பக்கத்தில் இருக்கும் திருட்டு டிஎல்எல்லைக் கூப்பிட்டுக்கொள்கிறது. திரையில் எந்தக் கேள்வியும் வராது.

இதையெல்லாம் தொடங்கி வைப்பது பென் டிரைவில் இருக்கும் அந்த ஒற்றை ஐகான். அது டிரைவே இல்லை, ஷார்ட்கட். கிளிக் செய்தால், மறைத்து வைத்த ஃபோல்டரில் இருக்கும் ஒரு விபிஸ்கிரிப்ட் ஃபைல் (விண்டோஸ் அப்படியே ஓட்டும் சின்னக் கட்டளைத் தொகுப்பு) ஓடும். அதே நொடியில் நம் ஃபைல்களும் திறந்து காட்டப்படும். ஒரு காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். 2008-இல் உலகத்தையே ஆட்டிய கான்ஃபிக்கர் வைரஸ் அப்படியும் பரவியது. விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்து, 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் அடைத்தது. அதன்பின் இவர்களுக்கு நம் கையால் ஒரு கிளிக் தேவைப்படுகிறது. அதைத்தான் இந்த ஐகான் வாங்கிக்கொள்கிறது.

ஃபார்மேட் அடித்தும் ஏன் திரும்பி வந்தது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஃபார்மேட் செய்வதற்கு முன் ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வைத்தார்கள். முடிந்ததும் அதே பென் டிரைவைச் செருகி, அதே ஐகானைக் கிளிக் செய்து திருப்பிப் போட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபார்மேட் அடித்துக் கொடுத்த கடையில் சித்தப்பாவிடம், "என்னா சார், எந்த சைட்டெல்லாம் பாக்குறீங்க?" என்று நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சித்திதான் சொன்னார். அறுபது வயது மனிதர் அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் எந்த சைட்டுக்கும் போகவில்லை. கேள்வித்தாளை பென் டிரைவில் வாங்கினார், திருத்தினார், கொடுத்தார். வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இது வருகிறது. கணினி பழுது பார்ப்பவர்கள் தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

சரி, சுத்தம் செய்த விதத்துக்கு வருகிறேன். வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதோடு சண்டை போடுவது வீண். அதனால் விண்டோஸைத் தூங்க வைத்துவிட்டு வேலை செய்வதே வழி. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை, என் லேப்டாப்பில் ஒரு புது பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், சித்தப்பாவின் கணினியை அதிலிருந்து கிளப்பினேன். நிறுவத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். அதற்கு முன் விண்டோஸை முழுமையாக ஷட்டவுன் செய்ய வேண்டும். சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாமல் போகலாம். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் போதும்.

முதல் காரியம், பேக்கப். பேஜ்மேக்கர் ஃபைல்கள், கோரல் ஃபைல்கள், ஃபான்ட்டுகள், போட்டோக்கள். இவற்றை மட்டும் புது ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். ஷார்ட்கட்டும் ஸ்கிரிப்ட்டும் எக்ஸி ஃபைலும் ஒன்றுகூடப் போகக் கூடாது. நகல் ஓடி முடிந்ததும் சித்தப்பா தன் வார்ப்புகளை ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகுதான் அழிக்கும் வேலையைத் தொட்டேன். அந்த டாட் ஃபைல் சத்தமில்லாமல் அழிந்தது. விண்டோஸ் ஓடும்போது "பயன்பாட்டில் இருக்கிறது" என்று அடம்பிடித்த அதே ஃபைல். இரண்டு விண்டோஸ் ஃபோல்டரில் எது போலி என்பதைப் பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையானது பல ஜிபி இருக்கும், போலியில் சிஸ்டம்32-உம் இரண்டு மூன்று ஃபைல்களும்தான் இருக்கும். மாற்றி அழித்தால் கணினியே எழாது, ஆகவே நிதானம்.

பிறகு விண்டோஸுக்குத் திரும்பி, நெட்டைக் கழற்றி வைத்தபடியே, ஆட்டோரன்ஸில் அந்த அநாதை சர்வீஸ் வரியை நீக்கினேன். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைக் காலி செய்தேன். அப்புறம் நெட்டை இணைத்து, டிஃபெண்டரைப் புதுப்பித்து, ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஓடும் ஸ்கேன் இது, கால் மணி நேரம் பிடிக்கும். முன்பு ஒன்றுமே இல்லை என்று சொன்ன அதே டிஃபெண்டர், இந்தத் தடவை ஒளிந்திருந்த மிச்சங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டது.

பென் டிரைவ்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சித்தப்பா அவற்றை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும். சிவப்பு பள்ளிக்கூடம், மஞ்சள் கல்யாணம், கறுப்பு அஞ்சலி. டப்பாவைக் கவிழ்த்து, ஒன்றுவிடாமல் லினக்ஸில் செருகிப் பார்த்தோம். அங்கே விண்டோஸ் ஷார்ட்கட்டும் விபிஸ்கிரிப்ட்டும் ஓடாது, மறைந்த ஃபோல்டர்கள் வெட்டவெளிச்சமாகத் தெரியும். சிஸ்வால்யூம் என்று விண்டோஸின் சொந்த ஃபோல்டரைப் போலவே பெயர் வைத்த ஒன்றில் திருட்டு ஸ்கிரிப்ட்டுகள். இன்னொன்றில் பாவம் நம் ஃபைல்கள், பத்திரமாக. நம்முடையதை வெளியே எடுத்துவிட்டு மற்றதை அழிக்க வேண்டும். சிவப்பு நூல் கட்டியது எல்லாவற்றிலும் அந்த ஐகான் இருந்தது. கறுப்பு நூல் ஒன்றில்கூட இல்லை. ஏனென்றால் அஞ்சலிக்கான போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, பென் டிரைவில் வருவதில்லை. எந்த வழியாக வந்தது என்பதை அந்த நூல்களே சொல்லிவிட்டன.

இனி வராமல் இருக்கச் செய்தவற்றில் இரண்டுதான் முக்கியமானவை. ஒன்று, தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு. போலி ஃபோல்டர் தந்திரம் அட்மின் கணக்கில்தான் கேள்வி கேட்காமல் நடக்கும், சாதாரணக் கணக்கில் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். பேஜ்மேக்கர் முதலில் முரண்டு பிடித்தது, அதன் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்ததும் வழிக்கு வந்தது. இரண்டாவது, இந்த ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்பதையே, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் நிறுத்தி வைத்தது. டிடிபி வேலைக்கு அது தேவையே இல்லை. விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்டே 2023-இல் அறிவித்துவிட்டது. இப்போது வைரஸ் உள்ள பென் டிரைவில் அந்த ஐகானைக் கிளிக் செய்தால், ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்திப் பெட்டி வரும். சித்தப்பாவுக்கு அதுவே எச்சரிக்கை மணி. அந்தப் பெட்டி வந்தால் பென் டிரைவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவார்.

பாஸ்வேர்டுகளை விட்டுவிடாதீர்கள். மைனர் மட்டும்தான் வந்தது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாசல் திறந்திருந்தபோது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிப் போகும் இன்னொன்றும் வந்து போயிருக்கலாம். அதனால் மெயில், நெட் பேங்கிங் இரண்டின் பாஸ்வேர்டுகளையும் சித்தப்பாவின் போனிலிருந்து மாற்றினோம், அந்தக் கணினியிலிருந்து இல்லை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதையும் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் இணைத்திருந்த சாதனங்களையும் நீக்கிப் புதிதாக இணைத்தோம். யாருக்காவது பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவிலும் இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகள் கிடைக்கின்றன. 2017-இலிருந்து இருக்கிறது, நம் பக்கத்தில் பலருக்கும் தெரியவில்லை.

அப்படியென்றால் ஃபார்மேட்டே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அட்மின் அதிகாரம் வரை போய்விட்ட வைரஸுக்குப் புதிதாக விண்டோஸ் போடுவதுதான் முழு நிம்மதி. ஆனால் அதை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதில் இருக்கிறது சூட்சுமம். முதலில் பென் டிரைவ்கள், பிறகு பேக்கப், கடைசியாகத்தான் ஃபார்மேட். முகூர்த்த வேலைகள் முடியும்வரை சுத்தம் செய்த கணினியிலேயே ஓட்டினார் சித்தப்பா. கூட்டம் குறைந்ததும், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸைப் போட்டு, ஃபான்ட்டுகளை அவரே ஒவ்வொன்றாக ஏற்றினார். அவருடைய கணினி பழசு, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், ஓர் ஆண்டுக்கான நீட்டிப்புப் பாதுகாப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அதற்குள் வேறு கணினிக்குக் காசு சேர்க்க வேண்டும்.

பென் டிரைவ்கள் போய் வரும் ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. உங்கள் கடையில் வைரஸ் என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். என் லேப்டாப்பை எடுத்துப் போய், அவர் கண் முன்னாலேயே அவருடைய பென் டிரைவை லினக்ஸில் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "காலேஜ் பசங்க ஒரு நாளைக்கு எத்தினி பேரு வந்து சொருவுறாங்க தெரியுமா? அவங்களுக்கெல்லாம் நான்தான் குடுத்துகினு இருந்தேனா?" என்றார். அன்றைக்கே கடையடைக்கும் நேரத்தில் உட்கார்ந்து அவருடைய கணினியையும் பார்த்தோம். அங்கேயும் அதே எக்ஸ், வேறு ஆறு இலக்கங்கள். டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். இப்போது பிரிண்ட் எடுக்க வருகிறவர்களிடம் முடிந்தவரை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்கிறார்.

மிச்சம் இருப்பது சிவப்பு நூல் பென் டிரைவ்கள் வரும் அந்தப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை அம்மாவிடம் சித்தப்பாவே போய்ப் பேசிவிட்டு வந்தார். பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து தருகிறோம், வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். மின்ட் ஏற்றிய பென் டிரைவ்கள் இன்னும் இரண்டு தயார் செய்து வைத்திருக்கிறேன்.